இரண்டரைக் கட்டையும் ஒரு நாணல் துண்டும்

கொழும்பில் செட்டியார் தெருவுக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில், சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலால் பெயர்பெற்ற ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் புனித அந்தோனியார் தேவாலயமும் இருப்பதால், நாணலால் ஒலிக்கும் இசைக்கருவிகளின் இரு பெரும் கிளைகளுக்கும் அந்த வட்டாரத்தில் இடமுண்டு. சுவாமி வீதியுலா வரும்போது முன்னே செல்வது நாதஸ்வரம். தேவாலயத் திருநாள், பாடசாலை விளையாட்டு விழா, பொலிஸ் அணிவகுப்பு என்று பாண்ட் இசைக்குரிய இடங்களில் ஒலிப்பது கிளாரினெட். முன்னதன் நாணல் சீவாளி எனப்படும்; பின்னதன் நாணலை வாசிப்போர் எல்லோரும் ரீட் என்றே சொல்வர். கிளாரினெட் குடும்பத்தில் எல்லோரும் அறிந்தது பி-பிளாட் கிளாரினெட். அதைவிடச் சிறியதும், பாண்ட் குழுவிலும் பெரிய வாத்தியக் குழுவிலும் உச்சக் குரலைத் தாங்குவதும் ஈ-பிளாட் கிளாரினெட். இந்தச் சின்னக் கருவிக்கு ரீட் தேர்வது ஏன் பெரிய கருவிக்குத் தேர்வதைவிடக் கடினமானது, பெட்டியின் மேல் அச்சிட்ட எண் எந்த அளவுக்கு உதவும், கொழும்பின் ஈரக் காற்றில் அந்த எண்ணுக்கு என்ன நேர்கிறது என்பவற்றுக்கு இயற்பியலும் தாவரவியலும் பெரும்பாலும் விடை சொல்கின்றன.

ஈ-பிளாட் என்ற பெயர் சுருதியைக் குறிக்கிறது. வாசிப்பவர் 'சி' என்று எழுதிய சுரத்துக்கு விரல் வைக்கும்போது கருவியிலிருந்து ஈ-பிளாட் ஒலிப்பதால் அதற்கு அந்தப் பெயர். ஆர்மோனியத்தின் 'சி' வெள்ளைக் கட்டையை ஒரு கட்டை என்றும், அடுத்த வெள்ளைக் கட்டையை இரண்டு என்றும், இடையில் வரும் கறுப்புக் கட்டைகளை அரை சேர்த்தும் எண்ணுகிற நம் வழக்கில் ஈ-பிளாட் என்பது இரண்டரைக் கட்டை. பி-பிளாட் ஆறரைக் கட்டை. இன்றைய பாரி நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் அமைவதால், மேலைநாட்டுப் படை வாத்தியமாக வளர்ந்த இந்தச் சின்னக் கிளாரினெட்டின் சுருதி தமிழ்க் காதுக்கு அந்நியமானதன்று. கிளாரினெட்டும் அப்படியே. தஞ்சாவூர் அரண்மனையில் ஐரோப்பிய வாத்தியங்கள் புழங்கிய சூழலிலிருந்து, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்துக்குக் கொண்டுவந்தார். 20ஆம் நூற்றாண்டில் திருச்சி ஏ. கே. சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரிக்குரிய கருவியாக நிலைநாட்டி, 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சீவாளியும் ரீட்டும் ஒரே வேலையை இரு விதமாகச் செய்கின்றன. சீவாளியில் நாணலின் இரண்டு மெல்லிய இதழ்கள் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று தொட்டு விலகுகின்றன. அவற்றின் அடி, கெண்டை என்னும் சிறு உலோகக் குழாயில் கட்டப்பட்டு, கெண்டை நாதஸ்வரத்தின் உலவில், அதாவது நீண்ட மரக்குழலில், செருகப்படுகிறது. சிங்கள மரபின் ஹொரணைவும் இந்த இரட்டை இதழ்க் குலத்தைச் சேர்ந்ததே. அதன் இதழ்களுக்கு நாணலைவிட ஓலையே பொருள். கிளாரினெட்டில் இதழ் ஒன்றுதான். அது மவுத்பீஸ் எனப்படும் ஊதுமுனையின் தட்டையான முகத்தின் மேல் படுக்கவைக்கப்பட்டு, லிகேச்சர் எனும் வளையத்தால் இறுக்கப்படுகிறது. மவுத்பீஸின் முகம் நுனியை நோக்கிச் சற்றே வளைந்து விலகிச் செல்வதால், ரீட்டின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி உண்டாகிறது. கிளாரினெட்டின் எல்லா ஒலியும் அந்த ஒரு மில்லிமீட்டர் வாசலில்தான் பிறக்கிறது.

நாக்குப் போன்ற ரீட் அதிர்ந்து ஒலியை உண்டாக்குகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மை. ரீட் ஒரு வால்வு. வாய்க்குள் அழுத்தம் கூடும்போது அது மவுத்பீஸை நோக்கித் தள்ளப்பட்டு வாசலைக் குறுக்குகிறது. குழலுக்குள் ஓடிப்போய்த் திரும்பிவரும் அழுத்த அலை உள்ளிருந்து தள்ளும்போது வாசல் விரிகிறது. இவ்வாறு திறந்து மூடும் தாளத்தைக் குழலின் நீளமே ஆணையிடுகிறது. ரீட் அந்த ஆணைக்குக் கீழ்ப்படிந்து காற்றைத் துண்டு துண்டாக உள்ளே விடுகிறது. உள்நோக்கி மூடும் இத்தகைய நாக்குகளைத் தனி வகையாகப் பிரித்து விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். இசையொலி பற்றிய அவருடைய பெருநூல் 1863இல் வெளிவந்தது.

இந்த வால்வைப் பற்றி எளிய கணித மாதிரி ஒன்று சொல்லும் செய்தி, ரீட் தேர்வுக்கு மிகவும் பயன்படுகிறது. ரீட்டை முழுவதுமாக மவுத்பீஸின் மேல் அழுத்தி வாசலை அடைத்துவிட எவ்வளவு காற்றழுத்தம் வேண்டுமோ அதை அடைப்பழுத்தம் எனலாம். ரீட்டின் விறைப்பையும் வாசலின் திறப்பையும் பெருக்கினால் கிடைப்பது இதுவே. குழலின் இழப்புகளைக் கணக்கில் எடுக்காத மாதிரியில், ஒலி தொடங்கத் தேவையான குறைந்த அழுத்தம் அடைப்பழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்கு. அடைப்பழுத்தம் 6 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் என்றால், 2 கிலோபாஸ்கலுக்குக் கீழே ஊதினால் காற்றுச் சத்தம் மட்டுமே கேட்கும். 6ஐ நெருங்கினால் ரீட் ஒட்டிக்கொண்டு ஒலி நின்றுவிடும். மெல்லிய நாதம் முதல் உரத்த நாதம் வரை அனைத்தும் இந்த இரண்டு எல்லைகளுக்குள் அடங்க வேண்டும். ஆகவே ரீட் தேர்வது என்பது, உண்மையில், வாசிப்பவரின் மூச்சுக்குப் பொருந்தும் ஓர் அழுத்த இடைவெளியைத் தேர்வதாகும்.

வாசிப்போர் அனுபவத்தில் கண்ட விதிக்கும் இதுவே காரணம். வாசல் அகன்ற மவுத்பீஸுக்கு மென்மையான ரீட்டும், குறுகிய மவுத்பீஸுக்கு விறைத்த ரீட்டும் ஒத்துப்போகும் என்பார்கள். பெருக்கற்பலன் ஒன்றாக இருக்கும்போது மூச்சுக்கு வரும் சுமையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பதைத்தான் அந்த விதி வேறு சொற்களில் சொல்கிறது. மவுத்பீஸைச் சொல்லாமல், எத்தனையாம் நம்பர் ரீட் நல்லது என்று கேட்பது செருப்பின் அளவைச் சொல்லாமல் செருப்பு வாங்கச் சொல்வதற்குச் சமம்.

நம்பர் என்பது பெட்டியின் மேல் ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று என அரை அரையாக ஏறிச் செல்லும் விறைப்புக் குறி. எண் கூடினால் ரீட் தடிப்பாக இருக்கும் என்று பலர் எண்ணுவர், அது தவறு. ஒரே வகை ரீட்டுகள் எல்லாம் ஒரே அளவிலும் ஒரே சரிவிலும் இயந்திரத்தால் சீவப்படுகின்றன. பின்னர் நுனிக்கு அருகில் ஒவ்வொன்றையும் அழுத்தி, எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்று பார்த்து எண் தரப்படுகிறது. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தும், நாணலின் உள்நார் கெட்டியானது மூன்றாகவும் தளர்ந்தது இரண்டரையாகவும் பெட்டிக்குள் போகிறது. ஒரு தயாரிப்பாளரின் மூன்றும் இன்னொருவரின் மூன்றும் சமமல்ல. ஒரே தயாரிப்பாளரின் இரு வேறு சரிவு வகைகளில்கூட மூன்று என்பது ஒன்றன்று. இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. நுனியருகே ஓரிடத்தில் அளந்த அந்த எண், ரீட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகின்றனவா, நடு முதுகு எவ்வளவு தாங்குகிறது, ஈரம் பட்டபின் என்ன ஆகும் என்பவற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இத்தனை நுட்பம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் ஒரு கன எண்ணில் இருக்கிறது. மெல்லிய தகடு ஒன்றின் வளைவு எதிர்ப்பு அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும். கிளாரினெட் ரீட்டின் நுனி ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. தலைமயிர் ஒன்றின் தடிப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த நுனி 0.01 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்துவிட்டால், அதாவது மயிரின் பத்தில் ஒரு பங்கு தடித்துவிட்டால், அவ்விடத்தில் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். நீளத்திலும் இதே கணக்குத்தான், ஆனால் எதிர்த்திசையில்: அதிரும் நீளம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு கூடும். லிகேச்சரைத் தளர்த்தி ரீட்டை மவுத்பீஸின் நுனிக்கு மேலே மயிரிழை உயர்த்தினால் ஊதுவதற்குக் கனக்கிறது, தாழ்த்தினால் இலகுவாகிறது என்று பழகியவர்கள் சொல்வது மனப்பிரமை அல்ல.

ஈ-பிளாட் கிளாரினெட்டில் இவை எல்லாம் ஒரு படி கூர்மையாகின்றன. பி-பிளாட் கிளாரினெட் ஏறக்குறைய 66 சென்டிமீட்டர் நீளமானது. ஈ-பிளாட் ஏறக்குறைய 49. இந்த விகிதம் நாலில் மூன்று, அதாவது சட்சத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் உள்ள உறவு. சின்னக் கருவி பெரியதைவிட ஒரு மத்திமம் உயர்ந்து ஒலிப்பது அதனாலேயே. பி-பிளாட்டின் மிகத் தாழ்ந்த ஒலி நொடிக்கு 147 அதிர்வு என்றால், ஈ-பிளாட்டின் தாழ்ந்த ஒலி 196 அதிர்வு. உயரத்தில் அது 1,800ஐத் தாண்டிப் போகிறது. ரீட்டுக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு, அது பொதுவாக 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் விழும். கீழ்ச்சுரங்களை வாசிக்கும்போது அந்த எண் வெகு தொலைவில் இருப்பதால் ரீட் குழலின் சொல் கேட்கிறது. மேற்சுரங்களில் இரண்டும் நெருங்கும்போது ரீட் குழலை மறந்து தன் போக்கில் அதிர்ந்தால், கிளாரினெட்டின் இழிபுகழான 'கீச்' ஒலி பிறக்கிறது. கீழுதட்டின் சதை ரீட்டின் மேல் படிந்து அந்தத் தன்னிச்சையை அடக்கி வைக்கிறது. சின்னக் கருவியில் உதடு பிடிக்கும் இடம் சிறியது, வாசிக்கும் சுரங்கள் உயர்ந்தவை. அதனால் தளர்ந்த ரீட்டும் ஏற்றத்தாழ்வான ரீட்டும் இங்கே சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

சுருதியின் கணக்கு இன்னும் கடுமையானது. ரீட் சிறிது வளைந்துகொடுப்பதால், குழலின் பார்வையில் அது சில மில்லிமீட்டர் கூடுதல் நீளம் போலவே நடந்துகொள்கிறது; ரீட் தளர்வானால் அந்தப் போலி நீளம் கூடி ஒலி தாழும், விறைத்தால் ஒலி ஏறும். ஒரு ரீட்டை மாற்றியதால் போலி நீளம் 5 மில்லிமீட்டர் மாறியது என்று வைத்துக்கொண்டால், ஒலிக்கும் காற்றுத் தம்பம் 20 சென்டிமீட்டராக இருக்கும் ஒரு சுரத்தில் அது இரண்டரை விழுக்காடு. அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஏறக்குறைய 43 பங்கு பிசகு. அதே விரல்நிலையில் பி-பிளாட்டின் காற்றுத் தம்பம் நீளமாக இருப்பதால் அதே பிசகு 32 பங்குதான். பாண்ட் குழுவில் பத்து பி-பிளாட் கிளாரினெட் சேர்ந்து வாசிக்கும்போது ஒன்றின் பிசகை மற்றவை மூடிவிடும். ஈ-பிளாட் பெரும்பாலும் ஒரே ஒருவர் கையில், எல்லோருக்கும் மேலே, மறைவின்றி ஒலிப்பது. சுருதிக்கு நிற்காத கருவி என்ற கெட்ட பெயரில் ஒரு பங்கு கருவியைச் சேராது, ரீட்டைச் சேரும்.

தமிழிசை வாசிப்பவருக்கு இதே குணம் வரமாகவும் அமையக்கூடும். கமகம் என்பது சுரத்துக்குச் சுரம் வளைந்து செல்வது. நாதஸ்வரத்தில் விரலைப் பாதி திறந்தும் மூச்சையும் உதட்டையும் மாற்றியும் அதைக் கொண்டுவர முடிகிறது. சாவிகள் நிறைந்த கிளாரினெட்டில் உதட்டின் பங்கு கூடுகிறது, உதடு சுருதியை எவ்வளவு வளைக்க முடியும் என்பதை ரீட்டின் தளர்ச்சி தீர்மானிக்கிறது. ஆகவே எழுதிய சுரத்தை அசையாமல் நிறுத்த வேண்டிய பாண்ட் வாசிப்பாளருக்கு ஏற்ற ரீட், தோடியின் காந்தாரத்தை அசைக்க வேண்டியவருக்கு ஏற்றதாக இராது. ஒரே கருவிக்கு இரண்டு நல்ல ரீட் இருக்கலாம். இரு கருவிகளுக்கும் உள்ள இன்னொரு வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிடலாம்: கூம்பு வடிவான நாதஸ்வரம் மூச்சு மிகும்போது மேல் சட்சத்துக்குத் தாவும், நேர்க்குழலான கிளாரினெட் ஒற்றைப்படை மேலொலிகளையே பெரிதும் வளர்ப்பதால், மேல் ஸ்தாயியின் பஞ்சமத்துக்குத் தாவும்.

ரீட்டின் மூலப்பொருள் அருண்டோ டொனாக்ஸ் எனும் பெருநாணல். நெல், கரும்பு, மூங்கில் ஆகியவற்றோடு சேர்ந்து புல் குடும்பத்தைச் சார்ந்த இது உலகின் வெப்பப் பகுதிகள் பலவற்றில் களைபோல் வளர்ந்தாலும், இசைக்குரிய நாணல் என்றால் பிரான்சின் மத்தியதரைக் கடலோரத்து வார் மாவட்டத்தையே வாசிப்போர் நினைப்பர். இரண்டாம் ஆண்டுத் தண்டைக் குளிர்காலத்தில் வெட்டி, நிழலில் உலர்த்தி, வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பொன்னிறம் ஏற்றுகிறார்கள். பாரிஸில் 1905இல் தொடங்கிய வன்டோரன் நிறுவனம் போன்ற பெரிய தயாரிப்பாளர்கள் இந்த நாணலையே நம்பியிருக்கின்றனர். காவிரிக்கரையின் திருவாவடுதுறை வட்டாரத்தில் கொறுக்கை என்னும் நாணலை வெட்டி, பதப்படுத்தி, நெடுநாள் ஆறவைத்துச் சீவாளி கட்டுவோரின் தொழிலும் அடிப்படையில் இதுவே: பச்சையாக இருக்கும் புல், நேரத்தின் உதவியால், இசைக்கு ஏற்றதாகிறது.

ரீட் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நுனியை நோக்கி மெல்லிய கோடுகள் இணையாக ஓடுவது தெரியும். ஒவ்வொரு கோடும் நீரும் உணவும் சென்ற குழாய்க்கற்றை. அதைச் சுற்றிக் கெட்டியான நார் உறை. கற்றைகளுக்கு இடையில் மிருதுவான சோற்றுத் திசு. நாருக்கு விறைப்பும், சோற்றுத் திசுவுக்கு நெகிழ்வும் ஈரம் குடிக்கும் குணமும் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இசைக்கலைஞர்கள் நல்லது என்றும் மட்டம் என்றும் தரம் பிரித்த கிளாரினெட் ரீட்டுகளை நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டது. நல்ல ரீட்டுகளில் குழாய்க்கற்றைகளைச் சுற்றிய நார் உறை விடுபடாத முழு வளையமாக இருந்தது, கற்றையில் நாரின் பங்கும் கூடியிருந்தது. வாசிப்பவரின் உதடு நுண்ணோக்கி இல்லாமலேயே கண்டுபிடித்திருந்ததை அந்த ஆய்வு கண்ணுக்குக் காட்டியது என்றே கொள்ள வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் செய்யக்கூடிய சோதனைகள் இந்த அறிவிலிருந்தே பிறக்கின்றன. பட்டையின் நிறம் பச்சை கலந்திருந்தால் நாணல் முற்றவில்லை. பொன்னிறத்தில் சில பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அது குறையன்று. வெளிச்சத்தில், சரிவின் நடுவே நாவின் உருவில் தெரியும் இருண்ட பகுதி இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். ஒருபுறம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கம் விறைத்திருக்கும். கோடுகள் நுனிவரை நேராகச் செல்லாமல் ஒரு மூலையை நோக்கிச் சாய்ந்தால், எண் எதுவாக இருந்தாலும் அந்த ரீட் ஒதுக்கப்பட வேண்டியதே. அடிப்பக்கத்தைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து மூலைகளை விரலால் தொட்டுப் பார்த்தால் ஆடாமல் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் வாயிலோ தண்ணீரிலோ நனைத்த ரீட்டை மவுத்பீஸில் பூட்டி, மவுத்பீஸின் கீழ்த் துளையை உள்ளங்கையால் அடைத்துக் காற்றை உறிஞ்சினால், ரீட் நுனிவரை ஒட்டிக்கொள்ளும். வாயை எடுத்து ஓரிரு நொடி கழித்து 'டப்' என்று விலகினால், ரீட்டும் மவுத்பீஸும் இடுக்கின்றிப் படிகின்றன என்பது உறுதி. உறிஞ்சியும் ஒட்டாமல் காற்றுக் கசிந்தால், ரீட்டின் அடி வளைந்திருக்கலாம், மவுத்பீஸின் முகம் தேய்ந்திருக்கலாம். ரீட்டை மாற்றிப் பார்த்து இரண்டையும் பிரித்தறியலாம்.

அடுத்து வாசித்துப் பார்க்கும் சோதனை. மவுத்பீஸை வாய்க்குள் சற்று ஒருபுறம் திருப்பி நடுச்சுரம் ஒன்றை ஊதினால், உதடு ஒரு பக்கத்தை அடக்கி மறுபக்கத்தை மட்டும் அதிரவிடுகிறது; பிறகு எதிர்ப்புறம் திருப்பி ஊதினால், எந்தப் பக்கம் கனத்துச் சத்தம் மங்குகிறதோ அதுவே சீவப்பட வேண்டிய பக்கம். சீவுவதற்கு மேலைநாட்டு வாசிப்போர் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது குதிரைவால் செடியின் உலர்ந்த தண்டு. அதன் மேற்தோலில் படிந்த மணற்சத்து, அதாவது சிலிக்கா, மிக மென்மையான அரம் போல் வேலை செய்கிறது. மிக நுண்ணிய உப்புத்தாளும் உதவும். பக்கச் சரிவில் இரண்டு மூன்று முறை தடவியதும் நிறுத்தி வாசித்துப் பார்ப்பதே முறை. முன்னர் சொன்ன மும்மடிக் கணக்கை நினைத்தால், நான்காவது தடவைக்குத் துணிச்சல் வராது.

ஈ-பிளாட்டுக்கென்று தனியாகச் செய்த ரீட்டுகள் பி-பிளாட் ரீட்டைவிடச் சில மில்லிமீட்டர் குட்டையும் குறுகலுமானவை. அவற்றைச் செய்யும் வகைகள் குறைவு, எல்லாக் கடைகளிலும் வைத்திருப்பதும் இல்லை; அதனால் பி-பிளாட் ரீட்டின் அடியைச் சில மில்லிமீட்டர் வெட்டி ஈ-பிளாட் மவுத்பீஸில் பூட்டும் வழக்கம் உலகெங்கும் உண்டு. இதைச் சிக்கன வைத்தியம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. வெட்டுவது அதிராத அடிப்பகுதியை மட்டுமே. அதிரும் நுனிக்கும் சரிவுக்கும் ஒன்றும் ஆவதில்லை, பெரிய ரீட்டின் நீண்ட சரிவு சின்னக் கருவியின் கூர்மையான குரலுக்குக் கொஞ்சம் உடலைத் தருகிறது. சிக்கல் அகலத்தில் இருக்கிறது. ரீட் மவுத்பீஸின் ஓரங்களை மீறி நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கங்கள் எதன் மேலும் படியாமல் தம் போக்கில் துடிக்கும். எனவே குறுகலாகச் சீவிய வகையையே வெட்ட வேண்டும். வெட்டும்போது கூர்மையான சிறு வாளால், பட்டைப் பக்கம் மேலிருக்க, ரீட்டை மரக்கட்டையின் மேல் இறுகப் பிடித்து மெதுவாக அறுப்பதே நல்லது. கத்தரிக்கோல் நாரைப் பிளக்கும், பிளவு சரிவு வரை ஓடினால் ரீட் வீண்.

எண்ணைப் பொறுத்தவரை கருத்துகள் பிரிகின்றன. பி-பிளாட்டில் வாசிக்கும் எண்ணையே வைத்துக்கொள்வோர் உண்டு; குட்டையான ரீட் தன்னளவிலேயே விறைப்பானது என்பதால் அரை எண் குறைப்போரும், உச்ச சுரங்களில் ரீட் ஒட்டிக்கொள்ளாமல் தாங்க வேண்டும் என்று அரை எண் கூட்டுவோரும் உண்டு. மூவரின் நியாயமும் மேலே சொன்ன அடைப்பழுத்தக் கணக்குக்குள் அடங்குகிறது. மவுத்பீஸின் வாசல் எவ்வளவு என்பதைச் சொல்லாமல் அவர்கள் தர்க்கம் செய்வதால்தான் அது முடிவதில்லை. புதிதாகத் தொடங்குபவர் இரண்டரையில் தொடங்கி, உச்சத்தில் ஒலி ஒடுங்கினால் மூன்றுக்கு ஏறுவது பாதுகாப்பான வழி.

இவ்வளவும் ரீட் ஒரு நிலையான பொருள் என்ற அனுமானத்தில் சொன்னவை. கொழும்பில் அந்த அனுமானம் நெடுநேரம் நிற்பதில்லை. நாணலின் செல்சுவர்கள் காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொள்ளும். நனையும்போது நாணல் ஊதி மென்மையாகிறது, உலரும்போது சுருங்கி விறைக்கிறது. நாரும் சோற்றுத் திசுவும் வெவ்வேறு அளவில் ஊதுவதால், அரைகுறையாக நனைந்த நுனி அலையலையாக நெளியும். அந்த நெளிவு ஒரு நிமிடம் முழுதாக நனைத்தால் போய்விடும், அதைக் கண்டு ரீட்டை எறிய வேண்டியதில்லை. பெருந்தொந்தரவு, இடம் மாறும்போது வருகிறது. கடற்காற்றும் தென்மேற்குப் பருவமழையின் ஈரமும் உள்ள ஜிந்துப்பிட்டி வீடொன்றில் தேர்ந்த ரீட், வெள்ளவத்தையின் குளிரூட்டிய மண்டபத்துக்குள் போனதும் பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் உலர்ந்து இன்னொரு ரீட் ஆகிவிடுகிறது. கச்சேரிக்கான ரீட்டைக் கச்சேரி நடக்கும் இடத்தில் தேர்வதே இதற்கு மருந்து. நாதஸ்வரக்காரர் கருவியோடு பல சீவாளிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, துளை துடைக்கும் ஊசியையும் சேர்த்துக்கொண்டு மேடையேறுவதை அலங்காரம் என்று நினைப்போர் உண்டு. அந்த வேளைக்கும் அந்தக் காற்றுக்கும் எது பொருந்தும் என்று அங்கேயே பார்த்து எடுப்பதற்கான ஏற்பாடு அது. கிளாரினெட் வாசிப்போர் பலர் ஒரே ரீட்டைத் தேயும்வரை கட்டி அழுவதற்கு இதைவிட நல்ல மாற்று வேறில்லை.

புதிய ரீட்டை முதல் நாளே மணிக்கணக்கில் ஊதக் கூடாது. முதல் சில நாள்கள் ஐந்து, பத்து நிமிடம் வாசித்து, துடைத்து, கண்ணாடித் தட்டின் மேல் தட்டையாக உலரவிட்டால், நனைதலும் உலர்தலும் படிப்படியாக அடங்கி ரீட் ஒரு நிலைக்கு வரும். நான்கு ரீட்டுகளின் பட்டைப் பக்கத்தில் பென்சிலால் எண் குறித்து, நாளுக்கொன்றாகச் சுற்றில் வைப்பது அவற்றின் ஆயுளைக் கூட்டும். ஒரு ரீட் நன்றாக உலர ஒரு நாளாவது கிடைக்கும் என்பது இதன் உட்பொருள். ஈரத்தோடு பெட்டிக்குள் பூட்டிய ரீட்டில், இந்த ஊர்க் காற்றில், சில நாள்களிலேயே கரும்பூஞ்சணம் படியும். அதைச் சுரண்டிவிட்டு வாசிப்பது ஆபத்து: ஈரமான பேக்பைப்புக்குள் வளர்ந்த பூஞ்சணத்தை நெடுங்காலம் சுவாசித்ததால் நுரையீரல் அழற்சி கண்டு உயிரிழந்த ஒருவரின் நிலையைப் பிரித்தானிய மருத்துவர்கள் 2016இல் மருத்துவ இதழில் பதிவு செய்து, காற்றுக்கருவி வாசிப்போர் அனைவரையும் எச்சரித்தனர். இன்னொருவர் ஊதிய ரீட்டை வாங்கி வாசிப்பதும் அதே காரணத்தால் கூடாது.

ஈரத்தால் மாறாத ரீட் வேண்டும் என்பவர்களுக்கு இப்போது செயற்கை ரீட் கிடைக்கிறது; கனடாவின் லெஜேர் நிறுவனம் பொலிபுரோப்பிலீன் எனும் பிளாஸ்டிக்கை ஒரு திசையில் இழுத்து, நாணலின் நார்போல் நீளவாக்கில் விறைப்பாகவும் குறுக்கே நெகிழ்வாகவும் ஆக்கி அதைச் செய்கிறது. நனைக்க வேண்டாம், மழைக்கும் குளிரூட்டிக்கும் அசையாது. அணிவகுப்பில் வெயிலில் நடந்துகொண்டே ஈ-பிளாட் வாசிப்பவருக்கு அது பெரும் விடுதலை. அதன் குறைகள், சூடேறினால் பிளாஸ்டிக் சற்றுத் தளரும் என்பதும், அதைச் சீவித் திருத்த இயலாது என்பதும். வாங்கும்போது பொருந்தாதது பின்னர் பொருந்தாது. நாணல் ரீட்டை அந்த வகையில் இரக்கமுள்ள பொருள் எனலாம்: மாதக் கணக்கில் ஊதித் தளர்ந்து உச்ச சுரங்களில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கிய ரீட்டை, நுனியில் மயிரிழை அளவு வெட்டினால், குட்டையான நீளமும் தடித்த நுனியும் சேர்ந்து விறைப்பைத் திரும்பக் கொடுத்து, இன்னும் ஒரு வாரமேனும் உழைக்கும்.